டே கழிமுகம்

டே கழிமுகம் என்பது ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டே ஆறு வட கடலில் கலக்கும் இடத்தில் உள்ள அகன்ற கழிமுகம் ஆகும். சுமார் 190 கி.மீ. நீளமுள்ள டே, ஸ்காட்லாந்தின் மிக நீளமான ஆறு. கழிமுகத்தின் வடகரையில் டண்டீ நகரமும் தென்கரையில் ஃபைஃப் பகுதியும் அமைந்துள்ளன. 1879இல் இங்கு நேர்ந்த ரயில் பால விபத்து பொறியியல் வரலாற்றில் பெரிதும் பேசப்படுவது.

வரலாறு

கழிமுகத்தின் வாயிலைக் காக்க 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிராட்டி கோட்டை கட்டப்பட்டது. 1547இல் இது ஆங்கிலேயர் வசமாகி, 1550 வரை அவர்களிடம் இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் டண்டீ சணல் தொழிலால் வளர்ந்தது. வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சணல் நாரைத் திமிங்கில எண்ணெய் தடவி மென்மையாக்கி, ஆலைகளில் நெய்தனர். ஆனால் தெற்கிலிருந்து ரயிலில் வருபவர்கள் கழிமுகத்தைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது.

முதல் பாலமும் விபத்தும்

தாமஸ் பௌச் வடிவமைத்த ரயில் பாலம் 1878 ஜூன் 1 அன்று திறக்கப்பட்டது. 3 கி.மீ.க்குச் சற்று அதிகமான நீளம் கொண்ட இது, அக்காலத்தில் உலகின் மிக நீளமான பாலமாக இருந்தது. அடுத்த ஆண்டு விக்டோரியா அரசி இதில் பயணம் செய்தார். பௌச்சுக்கு 'சர்' பட்டம் வழங்கப்பட்டது.

1879 டிசம்பர் 28, ஞாயிறு இரவு கடும் புயல் வீசியது. டண்டீ நோக்கி வந்த ரயில் பாலத்தின் நடுப்பகுதியில் சென்றபோது, கப்பல்கள் செல்வதற்காக உயர்த்திக் கட்டப்பட்டிருந்த 13 கண்களும் சரிந்தன. ரயிலில் இருந்த எவரும் பிழைக்கவில்லை. இறந்தோர் சுமார் 75 பேர் என அப்போது கணக்கிடப்பட்டது.

விசாரணையில், காற்றின் அழுத்தத்துக்கெனத் தனி ஏற்பாடு எதுவும் செய்யவில்லை என்று பௌச் ஒப்புக்கொண்டார். வார்ப்பிரும்புத் தூண்களில் இருந்த ஓட்டைகளை மெழுகு, குங்கிலியம், இரும்புத்தூள் ஆகியவை கலந்த பசையால் அடைத்து மறைத்ததும் வெளிவந்தது. வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு மூன்றுமே குறைபாடு உடையவை என விசாரணை அறிக்கை கூறியது. பௌச் 1880இல் காலமானார். தெற்கே உள்ள ஃபோர்த் கழிமுகத்துக்கு அவர் வரைந்த பாலத் திட்டமும் கைவிடப்பட்டது.

இன்றைய பாலங்கள்

வில்லியம் ஹென்றி பார்லோ வடிவமைத்த இரண்டாவது ரயில் பாலம், பழைய பாலத்துக்கு இணையாக 1887இல் திறக்கப்பட்டது. பழைய பாலத்தின் நல்ல நிலையிலிருந்த இரும்பு உத்திரங்கள் சில இதில் மீண்டும் பயன்படுத்தப்பட்டன. இன்றும் ரயில்கள் இதன்மீதே செல்கின்றன. சுமார் 2.25 கி.மீ. நீளமுள்ள சாலைப் பாலம் 1966இல் திறக்கப்பட்டதும், கழிமுகத்தின் படகுப் போக்குவரத்து நின்றது.

பிற அடையாளங்கள்

டண்டீயில் கட்டப்பட்டு, ராபர்ட் ஸ்காட்டின் முதல் அன்டார்க்டிக் பயணத்தில் சென்ற 'டிஸ்கவரி' கப்பல் 1986 முதல் நகரின் கரையில் காட்சிக்கு உள்ளது. அதன் அருகே, ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த வி அண்ட் ஏ அருங்காட்சியகம் 2018இல் திறக்கப்பட்டது.

இடிந்த பாலத்துத் தூண்களின் அடிப்பகுதிகளை, இரண்டாவது ரயில் பாலத்தை ஒட்டி நீருக்கு மேலே இன்றும் காணலாம். விபத்தில் இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த நினைவுக் கற்கள் 2013 டிசம்பர் 28 அன்று இரு கரைகளிலும் திறந்து வைக்கப்பட்டன.