பல்ஸ் ஒன்று, நகர்வு நான்கு

பட்டறைக் கணக்கு – 14

போன வாரம் ஸ்டெப்பர் மோட்டாரோடு நிறுத்தினோம். செம்பட்டிக்குப் பக்கத்தில் சித்தையன்கோட்டையில், நிலைக்கதவுக்குப் பூவேலை வெட்டும் ஒரு மரப்பட்டறையில் ஸ்டெப்பரைக் கழற்றிவிட்டு சர்வோ மாட்டியிருக்கிறார்கள். மிஷினைப் பார்த்துக்கொள்ளும் தம்பி கேட்டார்: "அண்ணே, மோட்டார் மேல மூவாயிரம் ஆர்பிஎம்னு போட்டிருக்கு. நம்மகிட்ட எழுநூத்தம்பதைத் தாண்ட மாட்டேங்குது. மோட்டார்ல கோளாறா?"

மோட்டாரில் ஒன்றுமில்லை. அதன் முதுகில் இருப்பது 500 கோடு என்கோடர். ஒரு கோட்டுக்கு நான்கு முறை என்று, மோட்டாரை ஓட்டும் டிரைவ் எண்ணுவதால் ஒரு சுற்றுக்கு 2,000 எண்ணிக்கை. சாதாரண டிரைவில் ஒரு பல்ஸ் வந்தால் மோட்டார் ஒரு எண்ணிக்கை நகரும். 3,000 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 50 சுற்று. அதற்கு வினாடிக்கு 1,00,000 பல்ஸ் வேண்டும். அங்கே பல்ஸ் அனுப்புவதோ ஒரு பழைய கம்ப்யூட்டர், பேரலல் போர்ட் வழியாக, மாக்3 மென்பொருள். அதில் முதலில் வைத்திருக்கும் அளவு வினாடிக்கு 25,000. வகுத்துப் பாருங்கள், அச்சாக 750 ஆர்பிஎம். பால் ஸ்க்ரூவின் பிட்ச் 5 மி.மீ. என்பதால் நிமிடத்துக்கு 15 மீட்டர் ஓட வேண்டிய மேசை 3.75 மீட்டரோடு நின்றுவிடுகிறது.

இந்த இடைவெளிக்காகவே பல்ஸ் பெருக்கும் டிரைவ்கள் வந்தன. அமெரிக்காவின் கெக்கோடிரைவ் நிறுவனத்தின் ஜி320 பெருக்கல் இல்லாதது. கிட்டத்தட்ட அதே டிரைவில் பெருக்கலைச் சேர்த்தால் ஜி340. நான்கு மடங்கு வைத்தால், உள்ளே வரும் ஒவ்வொரு பல்ஸையும் நான்காக எடுத்துக்கொண்டு மோட்டாரை நகர்த்தும். அதே 25,000 பல்ஸில் 3,000 ஆர்பிஎம் கிடைத்துவிடும்.

பெருக்கல் வேகத்தைத்தான் கொடுக்கிறது, நுணுக்கத்தை அல்ல. விற்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் பேசுவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். முன்பு ஒரு பல்ஸுக்கு 0.0025 மி.மீ. நகர்ந்த மேசை இப்போது 0.01 மி.மீ. நகரும். கதவு வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மழைக்காலத்தில் பலகை உப்புவது இதைவிட எத்தனையோ மடங்கு. திண்டுக்கல்லில் பூட்டு லீவருக்கு டை வெட்டுகிறவர் இதே டிரைவை வாங்கினால், நான்கு மடங்கு வைக்கும் முன் யோசிக்கத்தான் வேண்டும்.

வேறு இரண்டு தொல்லைகளும் உண்டு. ஜி340 போன்ற டிரைவில் மோட்டார் இருக்க வேண்டிய இடத்தைவிட 128 எண்ணிக்கை பின்தங்கினால் டிரைவ் ஃபால்ட் ஆகி நின்றுவிடும். பத்து மடங்கு வைத்தால் 13 பல்ஸிலேயே அந்த எல்லை வந்துவிடும். முடுக்கத்தை ஆசைக்கு ஏற்றினால், பாதிப் பூவில் மிஷின் நிற்கும். அடுத்தது நாய்ஸ். ஸ்பிண்டிலை ஓட்டும் விஎஃப்டி கேபிளை பல்ஸ் கேபிளோடு சேர்த்துக் கட்டினால் பொய்ப் பல்ஸ் உள்ளே வரும். டிரைவுக்கு அசலும் போலியும் தெரியாது, எல்லாவற்றையும் பெருக்கும்.

இன்றைய ஏசி சர்வோக்களில் இதே வேலையை எலெக்ட்ரானிக் கியர் செய்கிறது. டெல்டா பி2 வரிசையில் ஒரு சுற்றுக்கு 1,60,000 எண்ணிக்கை. கம்பெனியிலிருந்து வரும்போது கியர் விகிதம் 16-க்கு 10, அதாவது ஒரு சுற்றுக்கு 1,00,000 பல்ஸ். வினாடிக்கு 1,00,000 பல்ஸ் தரும் கன்ட்ரோலரோடு அப்படியே இணைத்தால் மோட்டார் 60 ஆர்பிஎம்மில் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த விகிதத்தின் மேல் எண்ணை வைக்கும் பி1-44-இல் 100, கீழ் எண்ணை வைக்கும் பி1-45-இல் 1 என்று மாற்றினால் சுற்றுக்கு 1,600 பல்ஸ் போதும். 3,000 ஆர்பிஎம்முக்கு 80,000. கன்ட்ரோலருக்கு மூச்சுவிடவும் இடமிருக்கும். அதே 5 மி.மீ. ஸ்க்ரூவில் ஒரு பல்ஸ் சுமார் 0.003 மி.மீ. பல்ஸ் எத்தனை பெரிதாக இருந்தாலும் டிரைவ் தன் மோட்டாரை 1,60,000 எண்ணிக்கையிலேயே கவனித்துக்கொண்டிருப்பதால், பழைய 500 கோடு என்கோடரைப்போல ஓட்டம் கரடுமுரடாகாது. புதிதாக வாங்குகிறவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். வயரிங்கில் மட்டும் ஒரு கவனம்: அந்த டிரைவின் சாதாரணப் பல்ஸ் உள்ளீடு ஓப்பன் கலெக்டர் முறையில் வினாடிக்கு 2,00,000 பல்ஸ் வரைதான் வாங்கும், லைன் டிரைவர் முறையில் 5,00,000.

சித்தையன்கோட்டைத் தம்பி மூன்று அச்சுக்கும் பெருக்கல் டிரைவ் வாங்கக் கிளம்பியிருந்தார். நான் தடுத்தேன். பூவேலையில் கருவி நொடிக்கு நொடி திசை மாறும்; 15 மீட்டர் வேகத்தை எட்டுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். மாக்3-இல் அந்த 25,000-ஐ 45,000 ஆக்கினால், கம்ப்யூட்டர் தாக்குப்பிடிக்கும் பட்சத்தில், காசு செலவில்லாமல் 1,350 ஆர்பிஎம், 6.75 மீட்டர். மோட்டார் ட்யூனிங்கில் ஒவ்வொரு அச்சின் வேகத்தையும் அதற்கேற்ப உயர்த்த மறக்கக் கூடாது. அதுவும் போதாவிட்டால் மூன்று டிரைவை மாற்றுவதைவிட, வேகமாகப் பல்ஸ் தரும் ஒரு மோஷன் கார்டை வாங்குவது மேல். கன்ட்ரோலரைத் தொடவே முடியாத மிஷின் என்றால் மட்டும் பெருக்கல் டிரைவ். அப்போதும் தேவையான வேகத்துக்குப் போதுமான மிகச் சிறிய மடங்கு. அவருடைய வேலைக்கு அது இரண்டு.

(அடுத்த வாரம்: ஸ்பிண்டில் விஎஃப்டியும் எர்த் கம்பியும்)