கிராஃபிக்ஸ் பாடத்துக்கு எந்தக் கருவி?

கிராஃபிக்ஸ் என்றதும் நமக்கெல்லாம் சினிமாதான் ஞாபகத்துக்கு வரும். லேபில் போய் உட்கார்ந்தால் ஒரு கோடு, ஒரு வட்டம். "இதுக்கா இவ்வளவு பில்டப்?" என்று ஜூனியர் நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தக் கோடுதானப்பா பாடமே! ஆனால் அதை எந்தக் கருவியில் போடுகிறோமோ, அதைப் பொறுத்துத்தான் விஷயம் மண்டையில் ஏறும். இல்லையென்றால் ரெக்கார்டு நோட்டோடு சரி.

முதலில் நம்ம டர்போ சி. டாஸ் காலத்துச் சரக்கு. 64 பிட் விண்டோஸில் நேராக ஓடாது, டாஸ்பாக்ஸ் வேண்டும். 'இனிட்கிராஃப்' வரியில் பிஜிஐ ஃபைல் இருக்கும் இடத்தைச் சரியாகக் கொடுக்காவிட்டால் படத்துக்குப் பதில் எரர் வரும். விஜிஏ திரை 640க்கு 480, நிறங்கள் 16. இருந்தாலும் இதில் ஒரு தங்கம் உண்டு: 'புட்பிக்ஸல்'. ஒரு புள்ளி, ஒரு நிறம், அவ்வளவுதான்.

(0,0)-லிருந்து (8,3) வரை கோடு வேண்டும் என்று வையுங்கள். எக்ஸ் ஒவ்வொரு படியிலும் ஒன்று கூடும். ஒய் எந்தப் படியில் கூட வேண்டும்? ஐபிஎம்மில் இருந்த பிரசன்ஹாம் 1962-ல் இதற்கு வழி கண்டார். வகுத்தல் கிடையாது, தசமம் கிடையாது. முழு எண்களைக் கூட்டிக் கழித்து, விடையின் குறியைப் பார்த்தே முடிவு. 'லைன்' என்று ஒரே வரியில் ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டால் இந்தக் கேள்வியே நமக்கு எழாது.

அடுத்தது சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனி 1992-ல் வெளியிட்ட ஓப்பன்ஜிஎல். பழைய முறையில் மூன்று முனைகளைச் சொன்னால் முக்கோணம் வந்துவிடும். படிக்க சுகம்தான்! ஆனால் 2008-ல் அந்த முறையைக் கைவிடப்போவதாக அறிவித்து, 2009-ல் 3.1 பதிப்பின் மையப்பகுதியிலிருந்து எடுத்தே விட்டார்கள். புதிய முறையில் ஷேடர் புரோகிராம்களை நாமே எழுத வேண்டும். 2016-ல் வந்த வல்கனில் ஒரு முக்கோணத்துக்கே பல நூறு வரிகள். ஒரு செமஸ்டர் தாங்காது.

என் சிபாரிசு இதுதான். முதல் பாதிக்கு வெறும் சி-யும் பிபிஎம் ஃபைலும் போதும். ஃபைலின் தலைப்பில் 'பி3', அகலம், உயரம், 255. பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். 'பிரிண்ட்எஃப்' தெரிந்தவன் படம் வரைந்துவிடலாம். லைப்ரரி வேண்டாம், பழைய கம்ப்யூட்டரே போதும். கிம்ப் மென்பொருளில் திறந்து பார்க்கலாம். அசையும் படம் மட்டும் வராது.

அதற்கு இரண்டாம் பாதியில் 2011-ல் வந்த வெப்ஜிஎல். பிரவுசருக்குள்ளேயே ஷேடர் ஓடும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர் செல்போனிலேயே ஓட்டிப் பார்க்கலாம். நம்மில் பலருக்கு இதுதான் பெரிய விஷயம்.

மாறும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிபிஎம்மில் முதல் வரிசை மேலே இருக்கும், ஒய் கீழ்நோக்கிப் போகும். வெப்ஜிஎல்லில் ஒய் மேல்நோக்கிப் போகும். படம் தலைகீழாக வந்தால் பிரசன்ஹாமைத் திட்டாதீர்கள், ஒய்-க்கு முன்னால் ஒரு மைனஸ் போடுங்கள்.