கதவு சாத்திய வீட்டில் ஒரு தெரு நாய்

தெருவில் பிறந்து வளர்ந்த நாய்க்கு வீடு, முதல் சில நாட்களாவது, மிரட்சி தரும் இடம். கால் வைத்தால் வழுக்கும் டைல்ஸ், தலைக்கு மேல் சுழலும் ஃபேன், குக்கர் விசில், மிக்ஸி இரைச்சல், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாத்திய கதவு. தெருவில் பயந்தால் ஓடிவிடலாம். இங்கே அதற்கு வழியில்லை. விபத்திலிருந்தோ நோயிலிருந்தோ மீட்கப்பட்டு, நிரந்தர வீடு அமையும்வரை 'ஃபாஸ்டர்' குடும்பத்துக்கு வரும் கூச்ச நாய், வந்ததுமே கட்டிலுக்கு அடியிலோ வாஷிங் மெஷினுக்குப் பின்னாலோ ஒடுங்கிக்கொள்வது இதனால்தான்.

பார்க்கிற நமக்கு மனசு கேட்பதில்லை. குனிந்து கை நீட்டி, "வாடா செல்லம்" என்று கெஞ்சுகிறோம். மூலையில் மாட்டிக்கொண்ட நாய்க்கோ, அது தன்மேல் கவியும் பெரிய உருவம். நாய் உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். எல்லாம் 'கொஞ்சம் தள்ளிப் போ' என்பதுதான். அதற்கும் நாம் நகராவிட்டால் உறுமல். உறுமியதற்காக ஒருபோதும் அதட்டாதீர்கள். எச்சரித்துப் பலனில்லை என்று கண்ட நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும்.

யாரோ அடித்திருப்பார்கள், பாவம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது. எப்போதும் அப்படியல்ல. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகியோர் செய்து 1961-இல் வெளியிட்ட ஆய்வில், 14 வாரம்வரை மனிதரோடு பழகாத குட்டிகளை யாரும் துன்புறுத்தவில்லை. ஆனாலும் அவை பிறகு மனிதரைக் கண்டு மிரண்டன. பிறந்த மூன்றாவது வாரத்தில் தொடங்கும், மனிதரோடு பழகும் பருவத்தைத் தவறவிட்ட நாயும் ஓரளவு பழகக்கூடும். ஆனால் நாள் பிடிக்கும். புது வீட்டுக்குப் பழகுவதற்கு மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று மீட்பு ஆர்வலர்கள் சொல்லும் கணக்கை, கூச்ச நாய் விஷயத்தில் நான் நம்புவதில்லை.

எவ்வளவு நெருங்குவது என்பதை நாய் முடிவு செய்யட்டும். சந்தடியில்லாத ஒரே அறையைக் கொடுங்கள். தரையில் பழைய சாக்கோ பாயோ விரித்தால் கால் ஊன்றும். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். வேகவைத்த கோழித் துண்டை அதற்குப் பின்பக்கமாகப் போடுங்கள். தின்ன வேண்டுமானால் அது உங்களை விட்டு விலக வேண்டும். விலகவும் உரிமை இருக்கிறது என்று தெரிந்த பிறகு, தானாகவே ஓரடி முன்னே வரும். அப்போதும் தலையில் கை வைக்க வேண்டாம். மோந்து பார்த்துவிட்டுப் போகட்டும். வீட்டில் ஏற்கெனவே சாதுவான நாய் இருந்தால் பாதி வேலையை அது பார்த்துக்கொள்ளும். நம்மிடம் அது வாலாட்டி வருவதைப் புதியது கவனித்துக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்குள் சிறுநீர் போனால் சத்தமில்லாமல் துடைத்துவிடுங்கள். தூங்கி எழுந்ததும் சாப்பிட்டதும் ஒரே மண் தரைக்கு அழைத்துப்போனால் பழகிவிடும். தெரு அடங்கிய விடியற்காலை இதற்கு நல்ல நேரம்.

உண்மையான ஆபத்து வாசலில் இருக்கிறது. மிரண்ட நாய் கழுத்துப்பட்டையிலிருந்து பின்னோக்கி உருவிக்கொண்டு ஓடிவிடும். ஆகவே கழுத்துப்பட்டை ஒன்று, மார்புப்பட்டை ஒன்று, இரண்டிலும் கயிறு. நிரந்தர வீடு அமையும்போதும் அவசரம் கூடாது: தத்தெடுக்க வருபவர் முதல் சந்திப்பிலேயே தூக்கிப்போக வேண்டாம். சில முறை வந்து, தரையில் உட்கார்ந்து, கோழித் துண்டு போட்டுவிட்டுப் போகட்டும். எந்தச் சத்தத்துக்கு மிரளும், எங்கே படுக்கும், எந்தப் பக்கம் தொட்டால் பிடிக்காது என்பதை ஒரு தாளில் எழுதி, அது படுத்த சாக்கையும் துவைக்காமல் கூடவே கொடுத்தனுப்புங்கள்.