முகம் பழுதாய்ப் போனால்?

களம் கண்டவர்கள் – 9

போன கிழமை, 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற எங்கள் எதிர்வீரசிங்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தக் கிழமை யாரை எழுதுவது என்பதை அரியாலையில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி தீர்மானித்துவிட்டாள். பொக்சிங் பழகப் போகப்போகிறேன் என்றவளுக்குத் தாய் சொன்ன பதில் வேலிக்கு இப்பால் எனக்கும் கேட்டது: “முகம் பழுதாய்ப் போனால் உன்னை ஆர் கட்டுவினம்?”

இதே பயம் மணிப்பூரில், கங்காதை என்ற ஊரில் ஒரு தகப்பனுக்கும் இருந்தது. மாங்தே டொன்பா கோம் பிறர் வயலில் உழைத்துப் பிழைத்தவர். மூத்த மகள் மேரி வயலிலும் நிற்பாள், பள்ளிக்கூடத்தில் ஓட்டமும் ஈட்டி எறிதலும் என்று மைதானத்திலும் நிற்பாள். 1998இல் பாங்கொக் ஆசிய விளையாட்டில் மணிப்பூர்க்காரர் டிங்கோ சிங் குத்துச்சண்டைத் தங்கம் வென்று வந்தார். அதன் பிறகு மேரிக்கு வேறு நினைப்பில்லை. இம்பாலுக்குப் போய், வீட்டுக்குச் சொல்லாமலே பழகினாள். 2000இல் மாநிலப் பட்டம் வென்றபோது பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத்தான் தகப்பனுக்கே விஷயம் தெரிந்தது. அவரும் இளமையில் மல்யுத்தம் செய்தவர். அப்படிப்பட்டவருக்கே மகள் என்றதும் முகமும் கல்யாணமும்தான் முதலில் நினைவுக்கு வந்தன. எங்கள் ஒழுங்கைத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராதது இதனால்தான்.

அது எப்படிப்பட்ட மணிப்பூர் என்பதையும் சொல்லவேண்டும். அதே 2000ஆம் ஆண்டு நவம்பரில் இம்பாலுக்கு அருகே மாலோமில் பேருந்துக்குக் காத்துநின்ற 10 பேர் படையினரின் சூட்டில் இறந்தார்கள். அதை எதிர்த்து ஐரோம் சர்மிளா தொடங்கிய உண்ணாவிரதம் 16 ஆண்டுகள் நீண்டது. 1995 ஒக்டோபரில் இடம்பெயர்ந்து கண்டி வீதியால் செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலம் கடந்த எங்களுக்கு அந்த மண்ணின் நிலைமையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மேரியின் மாமனாரையும் ஆயுதக்காரர்கள் கொன்றார்கள்.

2001இல் முதலாவது பெண்கள் உலகப் போட்டியில் வெள்ளி. பிறகு 2002, 2005, 2006, 2008, 2010 என ஐந்து உலகத் தங்கங்கள். இடையில் 2005இல் திருமணம், 2007இல் இரட்டைப் பிள்ளைகள். முகம் ஒரு தடையாகவும் இருக்கவில்லை.

2012 லண்டனில்தான் பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்குக்குள் வந்தது. ஆண்களுக்கு 10 எடைப்பிரிவு, பெண்களுக்கு மூன்றே மூன்று. அதில் மிகக் குறைந்தது 51 கிலோ. மேரி ஐந்து பட்டங்களையும் வென்றது 45, 46, 48 கிலோப் பிரிவுகளில். தன்னைவிட உயரமும் பாரமுமான பெண்களோடு மோத, சாப்பிட்டு உடம்பை ஏற்றிக்கொண்டு போனார். போலந்து வீராங்கனையை 19–14, தூனிசிய வீராங்கனையை 15–6 என்று வென்றார். அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா அடம்ஸிடம் 6–11இல் தோற்றார். தங்கத்தை அடம்ஸ் கொண்டுபோக, மேரிக்கு வெண்கலம். எனக்கு அந்த ஐந்து தங்கங்களையும் விட இந்த வெண்கலம் பெரிது.

2018 நவம்பரில், மூன்று பிள்ளைகளின் தாயாக, தன் பழைய 48 கிலோவுக்கே திரும்பி டில்லியில் உக்ரைனின் ஹன்னா ஒகோட்டாவை 5–0 என வென்று ஆறாவது உலகப் பட்டத்தை எடுத்தார். வளையத்துக்குள் நின்று அழுதார்.

அடி படாது என்று அந்தத் தாய்க்கு நான் பொய் சொல்லமாட்டேன். படும். அதற்காகத்தான் தலைக்கவசமும் பற்காப்பும், பக்கத்தில் வைத்தியரும். இலங்கைக்குக் குத்துச்சண்டை புதிதுமில்லை. 1938 சிட்னி எம்பயர் விளையாட்டில் பார்னி ஹென்றிகஸ் தங்கம் வென்ற நாடு இது.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படிக் கேட்டால், மறுக்க முன்னர் ஒருநாள் அவளோடு பயிற்சிக்குப் போய் ஓரமாய் இருந்து பாருங்கள். அவள் கையுறை கட்டும்போது அவள் முகத்தையும் பாருங்கள்.