குறட்டை, கொழுப்பு, இதயம்: கெடாவின் இரவுகள்

நல்ல உடல்நிலையில் உள்ளவர் தூங்கும்போது இரத்த அழுத்தம் பகல் அளவைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை இறங்கும். இதயத் துடிப்பும் தணியும். இந்த இறக்கம் நிகழாதவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுதல். அமெரிக்க இதயச் சங்கம் 2022-இல் இதய நலத்துக்கான தன் அளவுகோல்களில் எட்டாவதாகத் தூக்கத்தைச் சேர்த்தது. பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அது.

மலேசியாவின் கெடா மாநிலத் தமிழ்க் குடும்பங்களில் தூங்கும் நேரத்தைத் தொழிலே வகுத்து வந்திருக்கிறது. ரப்பர் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன் மிகுந்திருக்கும். வெயில் ஏறியதும் இலைகள் வழியே நீர் ஆவியாகி, பால் வடிவது குறையும். அதனால் பால்மரம் வெட்டுவோர் இருட்டிலேயே எழுந்து பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்குக்குப் போனார்கள். சீக்கிரம் எழுந்தாலும், எழும் நேரம் நாளுக்கு நாள் மாறவில்லை. முன்னிரவில் படுத்தால் தூக்கம் நிறைந்துவிடும்.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறிய பிறகு, அடுத்த தலைமுறை சுங்கை பட்டாணித் தொழிற்பேட்டைகளுக்கும், 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கும் பஸ் ஏறியது. ஷிப்ட் முறையில் பகலும் இரவும் மாறி மாறி வரும். உடலின் உள்கடிகாரம் அந்த வேகத்தில் திரும்பாது. பகல் தூக்கம் நீளத்தில் குறைவு. வெக்கையும் வீட்டுச் சத்தமும் அதையும் கலைக்கும்.

கொழுப்புக்கும் இரவோடு தொடர்பு உண்டு: இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு உடலே தயாரிப்பது. அந்தத் தயாரிப்பு நள்ளிரவையொட்டி உச்சம் தொடும். குறுகிய நேரமே வேலை செய்யும் கொலஸ்ட்ரால் மருந்தான சிம்வாஸ்டேட்டின் மாத்திரையை இரவில் விழுங்கச் சொல்வது இதனால்தான். நீண்ட நேரம் செயல்படும் அட்டோர்வாஸ்டேட்டினை எந்த வேளையிலும் எடுக்கலாம்.

தூக்கம் குறைந்தால் பசியும் மாறுகிறது. சிகாகோவில் ஆரோக்கியமான 12 இளைஞர்களிடம் செய்து 2004-இல் வெளியான ஆய்வில், இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கவிட்டபோது, வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் 18 விழுக்காடு இறங்கியது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு ஏறியது. இரவில் இன்சுலினுக்கு உடல் மந்தமாகவே இணங்குவதால், நள்ளிரவு ஓய்வில் சாப்பிடும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் பகலைவிட இரத்தச் சர்க்கரையையும் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பையும் அதிகம் ஏற்றும்.

தூக்கக் கோளாறுகளில் இதயத்தை நேரடியாகத் தாக்குவது தூக்கத்தில் மூச்சடைப்பு. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி மூடிக்கொள்ள, குறைந்தது 10 விநாடி மூச்சு நிற்கும் அல்லது தேயும். இப்படி மணிக்கு ஐந்து முறைக்கு மேல் நடந்தால் நோயின் தொடக்கம்; 30-ஐத் தாண்டினால் கடுமை. ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் சரியும், அட்ரினலின் பாயும், இரத்த அழுத்தம் எகிறும். ஆக்சிஜனின் இந்த ஏற்ற இறக்கம் கல்லீரலைக் கூடுதல் கொழுப்பை வெளியேற்றத் தூண்டுவதையும், இரத்தத்திலிருந்து கொழுப்பு நீங்குவதைத் தாமதப்படுத்துவதையும் விலங்குச் சோதனைகள் காட்டியுள்ளன. மூச்சடைப்பு உள்ளவர்களிடம் ட்ரைகிளிசரைடு கூடியும் நல்ல கொலஸ்ட்ரால் குறைந்தும் காணப்படுகின்றன. மருந்துக்கு மசியாத இரத்தக் கொதிப்புக்கும் ஒழுங்கற்ற இதயத் துடிப்புக்கும் இது அடிக்கடி காரணமாகிறது.

மலேசிய இந்தியர்களுக்கு ஆபத்து ஏற்கெனவே அதிகம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. இந்தியர்களிடம் அது 31.4 விழுக்காடு. தெற்காசியர்களுக்கு மெலிந்த தோற்றத்திலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவு எச்சரிக்கை எல்லை.

உரத்த குறட்டை, இடையில் மூச்சு நிற்பதைத் துணைவர் கவனிப்பது, காலைத் தலைவலி, மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதே கண் செருகுவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். இரவு முழுதும் மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவுசெய்யும் சோதனை நோயை உறுதிசெய்யும். தைராய்டு மந்தம் கொலஸ்ட்ரால், மூச்சடைப்பு இரண்டையும் கூட்டக்கூடியது என்பதால் தைராய்டு இரத்தப் பரிசோதனையும் பயன் தரும்.

முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சீபாப் கருவியை ஆஸ்திரேலியாவின் காலின் சலிவன் 1981-இல் அறிமுகப்படுத்தினார். பகல் தூக்கக் கலக்கத்தையும் குறட்டையையும் அது நன்கு குறைக்கிறது. ஆனால் இதயநோய் அல்லது பக்கவாதம் கண்ட சுமார் 2,700 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான சேவ் ஆய்வில் மாரடைப்பும் மரணமும் குறையவில்லை. அவர்கள் கருவியைச் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே அணிந்தார்கள். ஆகவே கருவி மாட்டியவரும் கொழுப்பு மாத்திரை, இரத்தக் கொதிப்பு மருந்து, எடைக் குறைப்பு ஆகியவற்றைக் கைவிட முடியாது. இரவு ஷிப்ட் செய்வோர் முக்கிய உணவை வேலைக்குமுன் முடித்து, நள்ளிரவில் கொஞ்சமாகச் சாப்பிட்டு, வீடு திரும்பியதும் இருட்டறையில் படுப்பது நல்லது. கிளினிக்கில் சர்க்கரை, கொழுப்பு அளவுகளோடு ஷிப்ட் நேரத்தையும் குறட்டையையும் சொல்லிவிட்டால், மருத்துவர் மருந்தையும் சோதனையையும் அதற்கேற்ப முடிவு செய்யலாம்.