ஊர்ல டிராக்டர் கிளட்ச் போச்சா? பணம் அனுப்பும் முன் இந்த 4 விஷயம் பாருங்க



"தம்பி, வண்டி கிளட்ச் போயிடுச்சு. பிரிச்சாத்தான் தெரியுமாம், பணம் போட்டு விடு." மாசக் கடைசியில, அதுவும் உழவு சீசன்ல வர்ற இந்த போன் நம்மில் பலருக்குப் பழக்கம். உடனே கிரெடிட் கார்டை எடுக்காதீங்க. முதல்ல எது போச்சுன்னு கேளுங்க. பில் பெருசா, சின்னதாங்கறது அதுலதான் இருக்கு.

1. பிளேட்டா, சிலிண்டரா?

பல டிராக்டர்ல கிளட்ச் பெடல் இரும்புக் கம்பியில வேலை செய்யும். ஹைட்ராலிக் கிளட்ச் வண்டியில அந்த வேலையை ஆயில் செய்யுது. பெடலை மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கற ஸ்லேவ் சிலிண்டர் கிளட்ச்சை விடுவிக்கும்.

அப்பாகிட்ட இப்படிக் கேளுங்க:

- பெடலை மிதிச்சு வெச்சா மெதுவா கீழே இறங்குதா? ஆயில் குறையுதா? கியர் போடும்போது கரகரங்குதா? அப்போ சந்தேகம் சிலிண்டர், பைப் மேல.
- பெடல் நல்லா இருக்கு, இன்ஜின் உறுமுது, ஆனா வண்டி இழுக்கல, கருகல் வாடை வருதா? அது பிளேட்டா இருக்கலாம்.

பிளேட் மாத்த வண்டியையே இரண்டா பிரிக்கணும், கூலி அதிகம். மாஸ்டர் சிலிண்டர் பெடல் பக்கத்துல இருக்கறதால அந்த வேலை சின்னது.

2. சீல் கிட் போதுமா?

உள்சுவர் வழவழன்னு இருந்தா சீல் கிட் போதும். கீறலோ துருவோ இருந்தா புது சீலும் சீக்கிரம் கிழியும். இரண்டு தடவை கூலி கொடுக்கணும். அப்போ புது சிலிண்டர்தான் உண்மையில மலிவு.

ஆயிலையும் கவனிங்க. சில வண்டிக்கு பிரேக் ஆயில், சில வண்டிக்கு மினரல் ஆயில். மாத்தி ஊத்தினா சீல் ஊதிக் கெட்டுடும். மேனுவல்ல இருக்கறதை மட்டும் ஊத்தச் சொல்லுங்க. கடைசியா லைன்ல இருக்கற காத்தை முழுசா எடுக்கணும். இல்லன்னா புது சிலிண்டர் போட்டும் பெடல் கும்முனுதான் இருக்கும்.

3. ஹவர் மீட்டர்தான் உங்க எஸ்ஐபி

வண்டி ஓடற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ₹40 தனிக் கணக்குல போடுங்க. வருஷம் 500 மணி நேரம் ஓடினா ₹20,000. ரிப்பேர் வரும்போது பர்சனல் லோன் தேவைப்படாது. வாடகை ரேட் சொல்லும்போதும் இந்த ₹40-ஐ அதுல சேர்க்கணும். டீசல், டிரைவர் கூலி மட்டும் கழிச்சு "லாபம்"னு நினைக்கறதுதான் பெரிய ஓட்டை.

4. வரி எப்படி?

- நம்ம நிலத்துல உழுதா, அந்தச் செலவு விவசாய வருமானக் கணக்குல போகும்.
- அடுத்தவங்க நிலத்துல வாடகைக்கு உழுதா, அது விவசாய வருமானம் இல்ல; தொழில் வருமானம். அது உங்க பேர்ல வந்தா ஐடிஆர்-1 போட முடியாது.
- உத்தேச வருமான முறையில கணக்கு காட்டினா, ரிப்பேர் பில்லைத் தனியா கழிக்க முடியாது.
- அப்பாவுக்கு நீங்க அனுப்பற பணம் உறவினர் பரிசு. அவருக்கு வரி இல்ல. ஆனா உங்க சம்பளத்துல கழிவும் கிடையாது.

அதனால பணம் அனுப்பும்போதே பில்லை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. வரிக் கணக்குக்கும் ஆகும், அடுத்த தடவை எது எப்போ மாத்தினோம்னும் தெரியும்.

உங்க வீட்டு வண்டி மணிக்கு எவ்வளவு சம்பாதிக்குதுன்னு கணக்கு போட்டு கமென்ட்ல சொல்லுங்க.