கூலிக்குச் செய்த பொருளுக்கு எந்த விலையில் கலால் வரி?



கடையில் ஒரு பொருளை வாங்குகிறோம். உறையின் மேல் ஒரு பெரிய கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்தக் கம்பெனிதான் அதைச் செய்தது என்று எண்ணிக்கொள்கிறோம். உறையைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் வேறொரு தொழிற்சாலையின் பெயர் இருப்பதும் உண்டு. பெயர் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. இப்படி ஒப்பந்தத்தின் பேரில் செய்யப்படும் பொருளுக்கு அரசாங்கம் எந்த விலையை வைத்துக் கலால் வரி போடுவது? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் கலால் வரி என்றால் என்ன? வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக்குப் போடுவது சுங்க வரி. உள்நாட்டில் உற்பத்தியாகும் சரக்குக்குப் போடுவது கலால் வரி. நம் நாட்டில் சிகரெட், மதுபானம், கார் முதலியவற்றுக்கு இவ்வரி உண்டு. 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் சர்க்கரை மிகுந்த பானங்களுக்கும் இது விதிக்கப்பட்டது. வரியைத் தொழிற்சாலை கட்டுகிறது. ஆனால் அது விலையில் சேர்ந்து, கடைசியில் வாங்குகிறவர் கையிலிருந்துதான் போகிறது.

இவ்வரி சில பொருள்களுக்கு எடைக்கு இவ்வளவு, லிட்டருக்கு இவ்வளவு என்று இருக்கும். வேறு சில பொருள்களுக்கு விலையில் நூற்றுக்கு இவ்வளவு என்று இருக்கும். இந்த இரண்டாவது வகையில்தான் சிக்கல் பிறக்கிறது. விலை என்றால் எந்த விலை? தொழிற்சாலை வாசலில் உள்ள விலையா, மொத்த வியாபாரி விற்கும் விலையா?

ஓர் உதாரணம் சொல்கிறேன். தோட்டத்தில் நம் தாய்மார்கள் மிளகாயும் மல்லியும் வாங்கி, காயவைத்து, மாவு மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வருகிறார்கள். மிளகாய், மல்லிக்கு 20 வெள்ளி. அரைக்கும் கூலி 5 வெள்ளி. அந்தத் தூளை ஒருவர் அழகான பொட்டலங்களில் போட்டு, தம் பெயரை ஒட்டி, 30 வெள்ளிக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தூளுக்கு நூற்றுக்குப் பத்து வரி என்றால், 5 வெள்ளிக் கூலியின் மீது 50 காசா? 25 வெள்ளியின் மீது இரண்டரை வெள்ளியா? அல்லது 30 வெள்ளியின் மீது 3 வெள்ளியா? மில்காரர் கையில் வருவதோ 5 வெள்ளிதான். அதில் 3 வெள்ளியை அவரே சுமக்க வேண்டி வந்தால், ஆளுக்குக் கூலி கொடுப்பது எப்படி, மில்லை ஓட்டுவது எப்படி?

இதே கேள்விதான் இந்தியாவில் பெரிய வழக்காக எழுந்தது. அங்கே துணி வியாபாரிகள் காடாத் துணியை, அதாவது வெளுக்காத, சாயமேற்றாத துணியைச் சாயப்பட்டறைகளுக்குக் கொடுப்பார்கள். பட்டறைக்காரர் வெளுத்து, சாயமேற்றி, அச்சடித்துத் திருப்பிக் கொடுப்பார். துணி வியாபாரியுடையது, பட்டறைக்குக் கிடைப்பது கூலி மட்டுமே. சாயமேற்றுவது உற்பத்தியே ஆகாது என்று குஜராத் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் இந்திய நாடாளுமன்றம் 1980ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, அதுவும் உற்பத்திதான் என்று ஆக்கியது. அப்படியானால் எந்த விலையின் மீது வரி என்ற கேள்வி எஞ்சி நின்றது.

உஜாகர் பிரின்ட்ஸ் வழக்கு என்று பெயர்பெற்ற அவ்வழக்கில், 1988ஆம் ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 1989ஆம் ஆண்டு ஜனவரியில் அதற்கு விளக்கமும் தந்தார்கள். அந்த விளக்கத்தை, நாம் மேலே மிளகாய்த் தூளுக்குச் சொன்ன கணக்கில் வைத்துப் பார்க்கலாம். காடாத் துணியின் மதிப்பு 20 ரூபாய், பட்டறையின் இலாபமும் சேர்ந்த கூலி 5 ரூபாய் என்றால், வரிக்குரிய மதிப்பு 25 ரூபாய். வியாபாரி அதை 30 ரூபாய்க்கு விற்றாலும், அந்த 30 ரூபாய் கணக்கில் வராது.

இதற்குக் காரணம் என்ன? கலால் வரி உழைப்பின் மேல் போடும் வரியன்று. செய்து முடித்த பொருளின் மேல் போடும் வரி. பொருள் யாருக்குச் சொந்தம் என்பதும் அதற்கு முக்கியமில்லை. ஆகவே கூலியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது. துணியின் மதிப்பும் சேர வேண்டும். ஆனால் வியாபாரியின் இலாபம் பொருள் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய பிறகு, விற்பனையால் வருவது. உற்பத்தியில் அது சேராது. ஆகவே அதை விட்டுவிட வேண்டும்.

இன்னொரு வகை ஒப்பந்தமும் உண்டு. அதில் தொழிற்சாலையே மூலப்பொருள்களை வாங்கி, பொருளைச் செய்து, பெரிய கம்பெனியின் பெயரைப் பொறித்து, அந்தக் கம்பெனிக்கே விற்றுவிடும். வானொலி நேயர்களாகிய உங்களுக்குப் பழக்கமான பொருளையே சொல்கிறேன். பிளேவேர்ல்டு எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் வானொலிப் பெட்டிகளைச் செய்து, 'புஷ்' என்ற பெயரிட்டு, புஷ் இந்தியா நிறுவனத்துக்கு விற்றது. புஷ் விற்கும் விலையின் மீதே வரி வேண்டும் என்றது அரசாங்கம். 1989ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தயாரித்தவர் புஷ்ஷுக்கு விற்ற விலையே வரிக்குரிய விலை என்றது.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. செய்பவரும் வாங்குபவரும் உண்மையிலேயே வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். ஒரே கை இரண்டு பெயர்களில் நின்று, வரியைக் குறைப்பதற்காகக் குறைந்த விலையைக் காட்டினால், அந்த விலையை அதிகாரிகள் ஏற்கமாட்டார்கள்.

பின்னர் இந்திய அரசாங்கம் விதியையே மாற்றியது. பெரிய கம்பெனிகள் மூலப்பொருளைக் கொடுத்து, வெளியிடங்களில் செய்து வாங்கி, அதிக விலைக்கு விற்பது பெருகியது. வரியோ குறைந்த மதிப்பின் மேல்தான் கிடைத்தது. ஆகவே 2007ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 10ஏ என்ற விதி வந்தது. அதன்படி, மூலப்பொருளைக் கொடுத்தவர் அந்தப் பொருளை விற்கும் விலையே வரிக்குரிய விலையாயிற்று. நம் கணக்கில் 25 போய் 30 வந்தது.

2017ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி பொருள், சேவை வரி வந்தபோது, அங்கே பெரும்பாலான பொருள்களுக்குக் கலால் வரி நீங்கிவிட்டது. பெட்ரோல், டீசல், புகையிலை போன்ற சிலவற்றுக்கு மட்டும் நின்றது. புதிய முறையில், கூலிக்குச் செய்பவர் தம் கூலிக்கு வரி போடுகிறார். பொருளுக்குரியவர் தாம் விற்கும் விலைக்கு வரி கட்டுகிறார். கூலியின் மேல் ஏற்கெனவே கட்டிய வரியை விதிகளின்படி அதில் கழித்துக்கொள்ளவும் இடமுண்டு.

நேயர்களே, இது வக்கீல்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் பிள்ளைகள் பலர் இத்தகைய ஒப்பந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். வீட்டில் தையல் வேலையோ, பலகாரம் செய்யும் வேலையோ எடுத்து, அதைச் சிறு தொழிலாக வளர்க்க விரும்புவோரும் நம்மிடையே உண்டு. அப்படிப்பட்டவர்கள் வேலையை ஒப்புக்கொள்ளுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மூலப்பொருள் யாருடையது? இந்தப் பொருளுக்கு வரி உண்டா, உண்டானால் எந்த விலையின் மீது? அந்த வரியை யார் கட்டுவது?

கேட்டதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி, இரு தரப்பாரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் சுங்கத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். சட்டம் வரியைச் செய்தவரிடம்தான் முதலில் கேட்கும். அவர் அதை வேலை கொடுத்தவரிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் விலை பேசும்போதே வரியையும் பேசியிருந்தால்தான் அது நடக்கும். பேசாமல் விட்டால், பிறர் பெற்ற இலாபத்துக்கு உங்கள் கூலியிலிருந்து வரி கட்ட நேரிடும்.